போன பதவியும் போகாத தொழிலும்

உழைத்து உண்பது மக்களுக்குப் பெருமை தருவது. ஒருவர் செய்யும் தொழில் அவருக்குச் சோறளிப்பதோடு நில்லாமல், ஊராரிடையே ஓர் இடத்தையும் அளிக்கின்றது. ‘இவர் ஆசிரியர்’, ‘இவர் தச்சர்’, ‘இவர் வண்டி ஓட்டுநர்’ என்று தொழிலைச் சொல்லியே ஒருவரை மற்றவர்க்கு அறிமுகம் செய்கின்றோம். ஆதலால், வேலையை இழப்பவர் இரண்டு பொருள்களை ஒருங்கே இழக்கின்றார். ஒன்று ஊதியம், மற்றொன்று தம்மைப் பற்றித் தாம் கொண்டிருந்த மதிப்பு. ஊதியத்தின் இழப்பைக் கடன் பெற்றேனும் சில திங்கள் ஈடு செய்யலாம். மதிப்பின் இழப்பை ஈடு செய்வதற்குக் கடன் கொடுப்பார் எவரும் இலர்.

முதன்முறை வேலை போகும்போது, ‘காலம் சரியில்லை’ என்று சொல்லி மனம் தேறுகின்றோம். இரண்டாம் முறையும் போனால், சுற்றத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். மூன்றாம் முறையும் அவ்வாறே நேரின், ‘குறை என்னிடமே உள்ளது போலும்’ என்று இழந்தவரே எண்ணத் தலைப்படுகின்றார். அந்த எண்ணம் வேரூன்றிய பின்னர், புது வேலை தேடிப் புறப்பட வேண்டிய கால்கள் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றன. இத்தகைய நிலையில் ஒருவர் எதனைப் பற்றிக்கொண்டு எழலாம் என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியைக் கல்லங்குறிச்சியிலிருந்து தொடங்குவோம். கல்லங்குறிச்சி அரியலூர் நகருக்கு அண்மையில் உள்ள சிற்றூர். அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றுவட்டாரத்து மக்கள் நன்கு அறிவர். அக்கோயிலின் மூலவர் கற்கம்ப வடிவில் வணங்கப்படுகின்றார். உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த தவசங்களையும், தாம் வளர்த்த கால்நடைகளையும் அங்குக் காணிக்கையாகக் கொணர்ந்து செலுத்துவது நெடுநாள் வழக்கம். மழையை நம்பி வாழும் மக்களின் கோயில் அது என்பதனை அக்காணிக்கைகளே எடுத்துரைக்கும்.

அவ்வட்டாரத்தின் மண்ணுக்கு அடியில் மற்றொரு செல்வமும் உண்டு. அது சுண்ணாம்புக்கல். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இப்பகுதியில் 1939-ஆம் ஆண்டில் டால்மியாபுரத்துச் சிமெண்டு ஆலை தொடங்கப்பெற்றது. 1979-ஆம் ஆண்டில் அரியலூரில் அரசினர் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர்ப் பிற ஆலைகளும் எழுந்தன. ஏர் பிடித்த கைகள் பல, கல்லுடைக்கவும் மூட்டை ஏற்றவும் எந்திரம் ஓட்டவும் சென்றன.

இத்தகைய ஊர்களில் வேலை எத்தனை வழிகளில் நின்றுபோகக்கூடும் என்பதனை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்தால் களையெடுப்பும் அறுவடையும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை இல்லை. பத்துப்பேர் செய்த வேலையை ஓர் எந்திரம் செய்யத் தொடங்கினால் ஒன்பது பேர் வீட்டிற்குத் திரும்ப வேண்டும். தோண்டும் கல் தீர்ந்தால் சுரங்கமே மூடப்பெறும். ஒரே மனிதர் தம் வாழ்நாளில் இவை நான்கையும் காணக்கூடும். இவற்றுள் ஒன்றுகூட அவருடைய சோம்பலால் வந்ததன்று. செவ்வனே பணி செய்தவரும் வேலை இழப்பர் என்பதை நாம் முதலில் மனத்திற்கொள்ளல் வேண்டும். வேலை இழப்பைக் குற்றம் என்று கருதும் வீட்டில், இழந்தவர் உண்மையைப் பேசமாட்டார். உண்மையைப் பேசாதவர்க்கு உதவி செய்தல் எவர்க்கும் அரிது.

கல்லங்குறிச்சியின் கல் உலக அறிஞர் பலர் அறிந்த கல். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று வயலும் சுரங்கமும் உள்ள இவ்விடத்தில் கடல் பரவியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்து, அடுக்கடுக்காகப் படிந்து, காலப்போக்கில் கல்லாய் இறுகின. அவ்வாறு அமைந்த சுண்ணாம்புக்கல் அடுக்கினை நிலவியலார் ‘கல்லங்குறிச்சிப் படிவம்’ என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். பிறநாட்டு ஆராய்ச்சி ஏடுகளிலும் அப்பெயர் பயில்கின்றது. இவ்வட்டாரத்தில் கிடைத்த தொல்லுயிர்ப் படிவங்களை மக்கள் காணுமாறு வாரணவாசியில் அருங்காட்சியகம் ஒன்றும் அமைந்துள்ளது.

மண்ணுக்கடியில் உள்ள பாறைகள் பல. அவற்றுள் இன்ன அடுக்கு இன்ன காலத்தது என்று எவ்வாறு பிரித்தறிவது? கல்லின் நிறத்தை மட்டும் கொண்டு அறிய முயன்றால் பல வேளைகளில் ஏமாற்றமே மிஞ்சும். அடுக்கினுள் பொதிந்துள்ள சிப்பி முதலிய உயிர்ப்படிவங்களைக் கொண்டே அதனை அறிதல் வேண்டும். 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், பிளான்போர்டு என்னும் நிலவியல் அறிஞர் இவ்வட்டாரத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தபோதும் உயிர்ப்படிவங்களே பெருந்துணை புரிந்தன. இவ்விதியை இங்கிலாந்தில் கண்டு வகுத்தவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். மேன்மேலும் வேலையையும் பொருளையும் இழந்து அலைந்த ஒரு நில அளவையாளர். அவர் பெயர் வில்லியம் ஸ்மித்.

ஸ்மித், 1769-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் சர்ச்சில் என்னும் சிற்றூரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். ஊர்ப் பள்ளிக்கு மேல் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கிடைத்த நூல்களைத் தாமே கற்று, அளவையாளர் ஒருவர்க்கு உதவியாளராய்ச் சேர்ந்து, அத்தொழிலில் தேர்ச்சி பெற்றார். சாமர்செட்டு என்னும் பகுதியில் நிலக்கரியை எடுத்துச் செல்வதற்காகக் கால்வாய் வெட்ட முற்பட்ட நிறுவனத்தார் அவரைப் பணியில் அமர்த்தினர்.

சுரங்கங்களில் இறங்கியும், கால்வாய் வெட்டிய கரைகளில் நடந்தும் ஸ்மித் பாறை அடுக்குகளைக் கூர்ந்து நோக்கினார். அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. நிறத்தால் ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு அடுக்குகளும் அவற்றுள் இருந்த சிப்பிகளால் வேறுபட்டன. ‘ஒவ்வோர் அடுக்கிற்கும் அதற்கே உரிய உயிர்ப்படிவங்கள் உள்ளன’ என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. கால்வாய் வெட்டுவோர் அவரிடம் வேண்டியது அளவைக் கணக்கு மட்டுமே. இவ்வறிவினை எவரும் அவரிடம் கேட்கவில்லை. இதற்கெனக் கூலியும் இல்லை. எனினும் அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

1799-ஆம் ஆண்டில் நிறுவனத்தார் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. நிலையான ஊதியம் நின்றது. அதே ஆண்டில், ரிச்சர்ட்சன், டவுன்செண்டு என்னும் நண்பர் இருவரோடு அமர்ந்து, பாத்து நகரைச் சூழ்ந்துள்ள பாறை அடுக்குகளின் வரிசையை ஸ்மித் சொல்லச் சொல்ல, ரிச்சர்ட்சன் எழுதினார். வேலை போன ஆண்டே அவருடைய அறிவு முதன்முதலாக ஒழுங்குபெற்று எழுத்தில் ஏறிய ஆண்டாயிற்று.

அதன்பின் சதுப்பு நிலங்களில் நீரை வடித்தல், நிலங்களை அளத்தல் எனக் கிடைத்த வேலைகளைச் செய்து ஊர் ஊராகச் சென்றார். சென்ற ஊர்களிலெல்லாம் பாறைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1815-ஆம் ஆண்டில் ஏறத்தாழ எட்டடி உயரமுள்ள நிலவியல் படம் ஒன்றினை வெளியிட்டார். இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளையும் ஸ்காத்துலாந்தின் ஒரு பகுதியையும் காட்டிய அப்படத்தில், பாறை வகைகள் வெவ்வேறு வண்ணங்களால் விளக்கப்பெற்றிருந்தன.

இவ்வளவில் அவர் துன்பம் தீர்ந்தது என்று எண்ணற்க. கற்சுரங்கத் தொழில் ஒன்றில் அவர் இட்ட பொருள் அழிந்தது. கடன் பெருகியது. அரிதிற் சேர்த்த உயிர்ப்படிவங்களைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு விற்றார். அதுவும் போதவில்லை. 1819-ஆம் ஆண்டில், ஐம்பதாம் வயதில், கடன்பட்டோர்க்கான சிறையில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழப் பத்து வாரங்கள் கழித்து வெளிவந்தபோது, வீடும் உடைமைகளும் பிறர் கைப்பட்டிருந்தன.

ஸ்மித் இலண்டனை விட்டு நீங்கி நாட்டின் வடபகுதிக்குச் சென்றார். தாமே எடுத்து வளர்த்த மருமகன் ஜான் பிலிப்சு அவருக்குத் துணையானார். மீண்டும் நில அளவை, மீண்டும் ஊர் ஊராகப் பயணம். சில நகரங்களில் பாறைகளைப் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். ஹாக்னஸ் என்னும் ஊரில் நிலக்கிழார் ஒருவர் தம் பண்ணையை மேற்பார்க்கும் பொறுப்பை அவருக்கு அளித்தார். 1831-ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியற் கழகம் தன் முதல் உல்லாசுடன் பதக்கத்தை ஸ்மித்திற்கு வழங்கியது. ‘ஆங்கில நிலவியலின் தந்தை’ என்று அவர் போற்றப்பட்டார். மறுஆண்டு முதல் ஆண்டிற்கு 100 பவுன் உதவித்தொகையும் கிடைத்தது. கால்வாய் வேலை போய் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே இப்பெருமை அவரை வந்தடைந்தது. அவர் வளர்த்த மருமகனோ, பிற்காலத்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

இஃது அயல்நாட்டார் கதை. நம் நாட்டில் தொழிலைப் பன்முறை இழந்தும் தளராதவர் உண்டோ எனின், உண்டு. அவர் வ. உ. சிதம்பரனார். அவர் கப்பல் ஓட்டியதையும் சிறையில் செக்கிழுத்ததையும் நாம் அனைவரும் அறிவோம். சிறையினின்று வெளிவந்த பிறகு இருபத்துநான்கு ஆண்டுகாலம் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் நல்ல வருவாயோடு வாழ்ந்து வந்தார். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 10 இலட்சம் ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய்ப் பங்குகளாக அந்நிறுவனம் அமைக்கப்பெற்றது. மறுஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. 1908-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டின் பயனாகத் தண்டனை குறைக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் வாடி, 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் விடுதலை பெற்றார்.

வெளியே வந்தவர் கண்டது யாது? அவர் உயிரெனக் கருதிய கப்பல் நிறுவனம் 1911-ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. நாற்பது வயதில், மனைவி மக்களைக் காக்க வேண்டிய பொறுப்போடு, இரு தொழில்களையும் இழந்து நின்றார். சென்னையில் குடியேறி, அரிசி முதலிய பண்டங்களை விற்றுச் சில்லறை வாணிகம் செய்து பார்த்தார். அஃது அவருக்குக் கைகொடுக்கவில்லை. கப்பலை நடத்தியவர் படியளந்து விற்பதா என்று அவர் நாணவில்லை. குடும்பத்திற்கு உணவு வேண்டும் என்பதனையே நினைத்தார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழ்மக்கள் அவருக்கெனத் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக அவரை வந்தடைந்தது. அந்நாளில் அவர் குடும்பம் பட்ட வறுமைக்கு அது ஒரு சான்று.

அவருடைய கையில் எஞ்சியிருந்த செல்வங்கள் இரண்டு. ஒன்று சட்ட அறிவு, மற்றொன்று தமிழறிவு. சிறையிலேயே அவர் தமிழ் நூல்களை ஆழ்ந்து பயின்றார்; ஜேம்சு ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். வெளிவந்த பின்னரும் அப்பணி தொடர்ந்தது. 1914-ஆம் ஆண்டில் ‘மெய்யறம்’ என்னும் அறநூலை வெளியிட்டார். பின்னர்த் தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கும் அரும்பணியில் ஈடுபட்டார். திருக்குறளுக்கு அவர் எழுதிய உரையில் அறத்துப்பால் 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கப்பல் நிறுவனத்தை இழந்தவர் பதிப்பாசிரியராகவும் உரையாசிரியராகவும் மீண்டும் எழுந்தார்.

இந்நூற்பணி அவருக்குச் செல்வம் தந்தது என்று கூறுவோமாயின், அது பொய்யாகும். பெரும்பாலும் வறுமையோடேயே அவர் நூல்களை எழுதினார். குடும்பத்தைத் தாங்கியது மீண்டும் கிட்டிய வழக்கறிஞர் தொழில். அவரை முன்னரே அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி, பறிபோன உரிமையை அவர் திரும்பப் பெறுமாறு உதவினார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவர்க்கு ‘வாலேசுவரன்’ எனப் பெயர் சூட்டினார். கோவில்பட்டியில் சில காலம் தொழில் நடத்தி, பின்னர்த் தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இவ்விருவர் வாழ்க்கையும் நமக்கு உணர்த்துவன யாவை?

முதலாவது, பதவி வேறு, தொழில் வேறு. பதவி பிறர் கொடுப்பது. கொடுத்தவரே அதனைத் திரும்பப் பெறுவர். தொழிலறிவோ கண்ணும் கையும் கருத்தும் சேர்த்து வைத்த பொருள். கால்வாய் நிறுவனத்தார் ஸ்மித்தின் பதவியைப் பறித்தனர். பாறையைப் பார்த்துப் பழகிய அவர் கண்ணைப் பறிக்க அவர்களால் இயலவில்லை. அரசினர் சிதம்பரனாரின் உரிமைச் சீட்டைப் பறித்தனர். அவர் கற்ற சட்டத்தையும் தமிழையும் பறிக்க இயலவில்லை. ஆதலின் வேலை இழந்தவர், ‘எனக்கு யார் வேலை தருவார்?’ என்று வினவுவதற்கு முன்னர், ‘நான் இதுவரை செய்த வேலைகளில் எதனையெல்லாம் கற்றேன்?’ என்று தம்மையே வினவுதல் வேண்டும். அவ்விடையை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராயின், தாம் நினைத்ததைக் காட்டிலும் அது நீண்டிருப்பதைக் காண்பார். பலமுறை வேலை மாறியவர்க்கு அப்பட்டியல் இன்னும் நீளமாகவே இருக்கும்.

இரண்டாவது, புதிய வழி பெரும்பாலும் பழைய வழிக்கு அடுத்த வரப்பிலேயே உள்ளது. ஸ்மித் அளவைத் தொழிலிலிருந்து நிலவியலுக்குச் சென்றது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்கியது போன்றதே. சிதம்பரனார்க்குப் பழக்கம் இல்லாத சில்லறை வாணிகம் கைகூடவில்லை. பழகிய தமிழும் சட்டமும் கைகொடுத்தன. சுரங்கத்தில் எந்திரம் பழுதுபார்த்தவர்க்கு நீரேற்றும் எந்திரத்தையும் உழவு எந்திரத்தையும் பழுதுபார்க்கும் தொழில் அயலானதன்று. ஆலையில் கணக்கெழுதியவர் கூட்டுறவுச் சங்கத்திலும் கடையிலும் கணக்கெழுதக்கூடும். வயலில் கூலிக்கு உழைத்தவர்க்கு ஆட்டின் நோயும் மாட்டின் தீவனமும் தெரியும். அவ்வறிவினைக் கொண்டே கால்நடை வளர்ப்பில் இறங்கலாம். கேட்டறியாத தொழிலில் கடன் வாங்கிப் பொருளை இடுவது, ஆழம் அறியாமல் கிணற்றில் இறங்குவதை ஒக்கும். ஸ்மித்தின் கற்சுரங்க முதலீடு அவரைச் சிறையில் சேர்த்ததை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது, வழி புலப்படும் வரையில் வயிறு காத்திராது. ஆதலால் கிடைத்த நேரிய வேலையைச் செய்வதில் இழிவு இல்லை. ஸ்மித் சதுப்பு நீரை வடித்தார். சிதம்பரனார் அரிசி விற்றார். எனினும் இருவரும் அவ்வேலைகளுக்கிடையே தம் உள்ளத்துக்குரிய பணிக்குச் சிறிது நேரம் ஒதுக்கினர். அச்சிறு நேரமே பின்னாளில் அவர்தம் பெருமைக்கு வித்தாயிற்று.

நான்காவது, எவரும் தனியே எழுவதில்லை. ஸ்மித் சொல்லச் சொல்ல எழுதியவர் நண்பர். வடநாட்டில் உடன் நடந்தவர் மருமகன். சிதம்பரனார்க்குக் கடல் கடந்த தமிழர் பொருள் திரட்டினர். வாலஸ் உரிமை பெற உதவினார். தம் நிலையைப் பிறரிடம் எடுத்துரைக்க இருவரும் கூசவில்லை. வேலை இழந்தவர் அதனை மறைத்து, நாள்தோறும் பணிக்குச் செல்பவர் போல வீட்டிலிருந்து புறப்படுவது தமக்கே செய்துகொள்ளும் தீங்கு. புதிய வேலைகளைப் பற்றிய செய்தி பழகியவர் வாய்வழியே வருவது வழக்கம். அச்செய்தி தம்மிடம் வரவேண்டுமாயின், தமக்கு வேலை தேவை என்பதனைப் பழகியவர் அறிதல் வேண்டும்.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்தபடியாகவே இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். முயற்சியைப் பற்றிப் பேசியவுடன் துன்பத்திற்குத் தளராமையைப் பேசியது கருதத்தக்கது. முயல்பவர்க்கு இடர் வாராது என்று அவர் கருதவில்லை. முயன்றும் இடர் வரும். அப்பொழுது உள்ளம் உடையாதிருத்தல் வேண்டும் என்பதே அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தக்க கருத்தாகும்.

இங்கு மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். முயன்றோர் அனைவரும் ஸ்மித்தைப் போலப் பதக்கம் பெறுவதில்லை. நாட்டிற்காகத் தொழிலை இழந்த சிதம்பரனாரே வறுமையில் உழன்றார் எனின், அதற்கு அவருடைய முயற்சிக் குறைவு காரணம் அன்று. அவரை மறந்திருந்த மக்களே காரணம். ஆகவே, ‘முயன்றால் முடியும்’ என்று வேலை இழந்தவர்க்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர் முயல்வதற்கு இடம் அமைத்துத் தருவதும் நம் கடமையே. 1950-ஆம் ஆண்டில் நடுவண் அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி அமைந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர், மின்பணியாளர், பற்றவைப்பவர் முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. மாவட்டந்தோறும் வேலைவாய்ப்பு அலுவலகம் உள்ளது. இவ்வாயில்கள் இருப்பதனை அறியாதோர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்க்கு அதனை எடுத்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதித் தரவும் உயர்நிலைப் பள்ளி மாணவரால் இயலும்.

மாணவ மாணவியரே! உங்களுள் சிலரின் தந்தையோ தாயோ இவ்வாண்டில் வேலை இழந்திருக்கக்கூடும். அவ்வீட்டில் பேச்சுக் குறைந்திருக்கும். அவர்களிடம் சென்று, ‘உங்களுக்குத் தெரிந்த வேலையை எனக்குக் கற்றுத் தாருங்கள்’ என்று கேளுங்கள். பம்பு கழற்றி மாட்டுவதாயினும், விதை தேர்ந்தெடுப்பதாயினும், பேரேடு எழுதுவதாயினும் அருகில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்பிக்கும்போது, தம்மிடம் இன்னும் எவ்வளவு உள்ளது என்பதனை அவர்களே உணர்வர். நீங்களும் பின்னாளில் எந்தப் பதவி வரினும் போகினும் உடன்வரும் பொருள் ஒன்றினைப் பெற்றவர் ஆவீர்கள்.

பயிற்சி

1. வேலை இழப்பவர் இழக்கும் இரண்டு பொருள்கள் யாவை? அவற்றுள் எது ஈடு செய்தற்கு அரிது? ஏன்?

2. கல்லங்குறிச்சிப் படிவம் எவ்வாறு தோன்றியது? பாறை அடுக்குகளைப் பிரித்தறிய ஸ்மித் கண்ட விதி யாது?

3. விடுதலைக்குப் பின்னர்ச் சிதம்பரனார் மேற்கொண்ட தொழில்களைக் கூறி, அவற்றுள் கைகூடியன எவை, கைகூடாதது எது என்பதனை விளக்குக.

4. ‘பதவி வேறு, தொழில் வேறு’ என்பதனை உங்கள் ஊரில் நீங்கள் கண்ட எடுத்துக்காட்டு ஒன்றால் நிறுவுக.

5. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இதுவரை செய்த வேலைகளையும், ஒவ்வொன்றிலும் அவர் கற்றதையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.